பூஅர் தேநீர் குடியுங்கள், கொழுப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் மாத்திரையை வாங்கிச் சில மாதங்கள் ஆகிவிட்டனவே என்று கேட்டதற்கு, "சீனத் தேநீர் குடிக்கிறேனம்மா, அதுவே கொழுப்பைக் கரைத்துவிடும்" என்றார். மலேசியாவின் ஈப்போ நகரில் மருந்தாளுநராக இருக்கும் நான் இதே பதிலைப் பலரிடம் கேட்டுச் சலித்துவிட்டேன்.

இந்த நம்பிக்கையை வளர்ப்பது, சில விற்பனையாளர்கள் செய்துகாட்டும் வித்தை. எண்ணெய் படிந்த தட்டில், பூஅர் என்ற இந்த நொதித்த சீனத் தேநீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள்; எண்ணெய் வழிந்தோடும்; உங்கள் ரத்தக் குழாயிலும் இதுதான் நடக்கிறது என்பார்கள். வெறும் வெந்நீரை ஊற்றினாலும் எண்ணெய் ஓடத்தான் செய்யும். அதை யாரும் ஊற்றிக் காட்டுவதில்லை. குடித்த தேநீர் வயிற்றுக்குத்தான் போகிறது, ரத்தக் குழாய்க்குள் பாய்வதில்லை. ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்கிறது, அதில் கல்லீரலுக்கு முக்கியப் பங்கு உண்டு. அது எண்ணெய்த் துளியாக மிதப்பதும் இல்லை. புரதத்தோடு சேர்ந்த துகள்களாகப் பயணித்து, குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து படிகிறது. சுவருக்குள் இருப்பதை எதை ஊற்றிக் கழுவ முடியும்? அடோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மாத்திரை கல்லீரலின் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைப்பதோடு, ஏற்கெனவே உள்ள படிவு வெடித்து மறுபடி அடைப்பு உண்டாகும் ஆபத்தையும் குறைக்கிறது. பரிசோதனையில் அளவு சரியாக இருக்கிறது என்று அதை நிறுத்துபவர்கள், அந்த அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆய்வுகள் இருக்கின்றனவே என்பவர்களுக்கும் பதில் உண்டு. நொதிக்கும்போது உருவாகும் தியாபிரவுனின் என்ற பழுப்புநிறப் பொருள், குடல் நுண்ணுயிர்களையும் பித்த அமிலங்களையும் மாற்றிக் கொலஸ்ட்ராலைக் குறைப்பதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. இந்த இலையில் லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகைப் பொருள் இருக்கிறது என்பதும் பொய்யன்று, ஆனால் மாத்திரையின் அளவோடு ஒப்பிட்டால் அது வெறும் தடயம்.

தேநீர் மீது எனக்குப் பகையில்லை. இந்த வட்டாரத்து ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் குவாங்ஷியிலிருந்து வந்த லியூபாவ் என்ற நொதித்த தேநீரைத்தான் குடித்தார்கள். பூஅர் அதன் உறவுக்காரன், யுன்னான் மாநிலத்தின் பெரிய இலைத் தேயிலையில் செய்வது. ஷெங் எனப்படும் பச்சை வகை ஆண்டுக்கணக்கில் மெல்லப் பழுக்கும். இளமையில் கசப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். ஷோ எனப்படும் பழுத்த வகையை, 1970களில் உருவான முறைப்படி, இலையை நனைத்துக் குவித்து மூடி, வாரக்கணக்கில் புரட்டிவிட்டு, நுண்ணுயிர்களைக் கொண்டே நொதிக்க வைக்கிறார்கள். நாம் பால் ஊற்றிக் குடிக்கும் தேயிலையில் நடப்பது இலையின் சொந்த நொதிகளால் வரும் ஆக்சிஜனேற்றம், இரண்டும் ஒன்றல்ல. ஷோவில் மழையில் நனைந்த மண்ணும் பழைய மரமும் மணக்கும், துவர்ப்பு குறைவு.

பூஅரைப் பெரும்பாலும் அழுத்திய வட்டக் கட்டியாக விற்பார்கள். அதை ஓரத்திலிருந்து மெல்லிய கத்தியால் நெம்பி, இலை நொறுங்காமல் பிரித்தெடுங்கள். 100 மில்லி பிடிக்கும் மூடிக் கிண்ணத்துக்கு 5 முதல் 7 கிராம் போதும். கொதிநீரை ஊற்றி உடனே வடித்துக் கொட்டிவிட வேண்டும். அதன்பின் 10 அல்லது 15 விநாடி ஊறவைத்து வடியுங்கள். அடுத்தடுத்த முறைகளில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் அதே இலை எட்டு முறையாவது சாறு தரும். இளம் ஷெங் என்றால் நீரின் சூட்டைச் சற்றுக் குறையுங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். அவற்றைச் சேர்த்துவிட்டு எடை குறையவில்லை என்று என்னிடம் வந்து குறைப்படாதீர்கள்.

கட்டியில் பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்திருந்தாலோ புளித்த நெடி அடித்தாலோ எறிந்துவிடுங்கள். பழையது என்ற பெயரில் கெட்டுப்போனதைக் குடிக்க வேண்டியதில்லை. பூஞ்சை நஞ்சு அலசினால் போய்விடாது.

தைராய்டு மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேநீர். இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி தேவை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் தேநீரைத் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். நொதித்ததால் காஃபின் போய்விட்டது என்பதும் கட்டுக்கதை; கர்ப்பிணிகள் நாளுக்கு மொத்தமாக 200 மில்லிகிராம் காஃபினைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

கடைசியாக, மெலிய வைக்கும் தேநீர் என்ற பெயரில் விற்கும் பொட்டலங்கள். சிலவற்றில் பேதி மருந்தான நிலாவாரை இருக்கும். குறைவது கொழுப்பல்ல, நீர். இதய ஆபத்தால் 2010இல் பல நாடுகள் விலக்கிய, பசியைக் குறைக்கும் சிபுட்ரமின் என்ற மருந்தை இத்தகைய பொருள்களில் கலந்திருப்பதையும் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கின்றன. அட்டையில் அச்சிடாத மருந்தை என்னாலும் படித்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ குறையும் என்று எழுதியிருக்கும் பொட்டலத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.