பேரு வைக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு மக்சிக்கிட்ட (மலாய் ஆண்ட்டிகிட்ட) ஒருதடவ சொல்லிப் பாருங்க

சிங்கப்பூருல ஜனவரி மாசம், ஸ்கூல் தொறந்து ரெண்டாவது நாளு, தொடக்கநிலை 1 க்ளாஸ் டீச்சர் எம்சி, அதான் உடம்பு சரியில்லாம லீவு. அவங்களுக்குப் பதிலா வந்த ரிலீஃப் டீச்சர் ஜேசி (ஜூனியர் காலேஜ்) முடிச்ச சின்னப் பொண்ணு, சீனப் பொண்ணு, பாவம் லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு பேரா படிச்சுட்டு வருது, ஒரு பேருல 'பி, ஓ, ஓ' வரைக்கும் வந்து நின்னிருச்சு. பூங்குழலி. மிச்சத்த எப்படி உச்சரிக்கிறதுன்னு யோசிச்ச அந்த ரெண்டு செகண்ட்ல "பூ..." மட்டும் வாயில இருந்து வந்திருச்சு. அவ்ளோதான், 30 பிள்ளைங்களும் டெஸ்க்க தட்டித் தட்டிச் சிரிக்குது. ஏழு வயசுப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்ல 'பூ'ன்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, பாத்ரூம் சமாச்சாரம், அந்த வயசுல அத விட பெரிய ஜோக் உலகத்துல கெடையாது.

அடுத்த பீரியட் தமிழ், என்கிட்ட வந்தா. கண்ணு செவந்திருந்துச்சு. "டீச்சர், என் பேரு கெட்ட வார்த்தையா?"ன்னு கேட்டா.

நான் 24 வருஷமா தொடக்கப்பள்ளியில தமிழ் சொல்லிக்குடுக்கிறேன், இந்தக் கேள்விய வேற வேற பிள்ளைங்க வேற வேற மாதிரி கேட்டுட்டாங்க, அதான் இத எழுதுறேன். (பிள்ளைங்க யாருன்னு தெரியாத மாதிரி விவரத்தையெல்லாம் மாத்திட்டேன், பேர மட்டும் மாத்த முடியல, கட்டுரையே பேரப் பத்தித்தானே.)

நம்ம வீடுகள்ல பேரு வைக்க படாதபாடு படுவோம். நட்சத்திரத்துக்கு என்ன எழுத்து, தாத்தா பேரு உள்ள வரணும், கூட்டுத்தொகை அஞ்சு வரணும், தூய தமிழா இருக்கணும், ஸ்டைலாவும் இருக்கணும். இவ்ளோவும் பாக்குறவங்க ஒண்ண மட்டும் பாக்குறதே இல்ல, அந்தப் பேர வாழ்நாள் முழுக்க கூப்பிடப் போறது யாரு? 2020 சென்சஸ்படி சிங்கப்பூருல 100 பேருல சீனர் 74, மலாய்க்காரங்க 13 சொச்சம், இந்தியர் 9 பேருதான். அந்த 9லயும் எல்லாரும் தமிழ் பேசுறவங்க இல்ல. அப்ப உங்க பிள்ளை பேர தமிழ்க் காது கேக்குறத விட மத்த காதுதான் அதிகம் கேக்கும்.

மதின்னு ஒரு பொண்ணு. எவ்ளோ அழகான பேரு, நிலா, அறிவு ரெண்டும் ஒரே சொல்லுல. நியூமராலஜி பாத்தவரு 'டி'க்கு அடுத்த 'ஹெச்'ச தூக்குங்கன்னு சொல்லியிருக்காரு, தூக்கிட்டாங்க. எம், ஏ, டி, ஐ. எங்க ஸ்டாஃப் ரூம்ல மலாய் சிக்கு (மலாய் டீச்சர்) ஒருத்தங்க புது லிஸ்ட்ட பாத்துட்டு என்கிட்ட மெதுவா வந்து, ரொம்பத் தயங்கி, "இந்தப் பிள்ளைக்கு ஏன் இப்படி வச்சிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. மலாய்ல 'மாத்தி'ன்னா சாவு, செத்துப்போறது. எனக்கு மலாய் தெரியும், ஆனா அது வரைக்கும் எனக்கும் தோணவே இல்ல, ஏன்னா நான் அத தமிழ்ப் பேராத்தான படிச்சேன்.

அந்த ஹெச் சாதாரண எழுத்தில்லங்க. ஹர்ஷித், அக்ஷித், தீக்ஷிதா இந்த வகைப் பேருலயும் அதே கததான். நம்மாளுங்க கடைசில டி-ஹெச் போடுற பழக்கம் இருக்கு, வடக்க போடமாட்டாங்க, இப்ப நம்மளும் மாடர்னா இருக்கட்டும்னு ஹெச்ச எடுத்துடுறோம், அப்ப அந்தப் பேரு உள்ள இங்கிலீஷ் கெட்ட வார்த்தை ஒண்ணு நாலு எழுத்துல பளிச்சுன்னு தெரியும். தொடக்கநிலை 4 பசங்களுக்கு அத கண்டுபிடிக்க ஒரு நாள் கூட ஆகாது. ஹெச் இருந்தா அந்தப் பசங்க கண்ணுக்கு அது சட்டுன்னு படாது, கூப்பிடும்போதும் சத்தம் மாறிடும். கூட்டுத்தொகை முக்கியம்னா வேற எங்கயாவது ஒரு 'ஏ' கூட்டிக்குங்க, இது என் அபிப்பிராயம்.

சுருக்கிக் கூப்பிடுறது இன்னொரு தலவலி. கயல்விழின்னு வச்சாங்க, வீட்ல 'கயு', ஸ்கூல்லயும் 'கயு'. மலாய்ல கட்டைக்குச் சொல்ற வார்த்தை அது, இங்க ஃபுட்பால் மேட்ச்ல ரெஃப்ரி தப்பு பண்ணா ஸ்டேடியமே சேர்ந்து கத்துற வார்த்தையும் அதுதான். அந்தப் பொண்ணு நெட்பால் ஆடப் போனா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

ஆனா எல்லாத்துக்கும் பயந்தா பேரே வைக்க முடியாது, அதையும் சொல்லணும். 'பாலா'ன்னா மலாய்ல கேடு, ஆபத்து. மணிக்கு மலாய்ல என்ன அர்த்தம்னு செகண்டரி போன பசங்ககிட்ட கேளுங்க, நான் எழுதல. அதுக்காக மணியையும் பாலாவையும் விட்டுட முடியுமா? மலாய்க்காரங்க தலமுறை தலமுறையா நம்ம மணிகளோட ஒரே ப்ளாக்ல இருக்காங்க, அவங்களுக்கு அது ஒரு ஆளோட பேரு, அவ்ளோதான். நம்ம தோசைக்கே அவங்க பாஷையில பாவம்னு அர்த்தம் வருது, அவங்க சாப்பிடாமலா இருக்காங்க. பாரின்னு ஒரு பையன், ஹாக்கர் சென்டர்ல சம்பல் போட்டு வாழை இலையில சுட்டுத் தர்ற திருக்கை மீனுக்கு மலாய்ல 'பாரி'. கூட்டாளிங்க கிண்டல் பண்ணப்ப அவனே நோட்டுப் புத்தகத்துல திருக்கை வரைஞ்சு அதுக்குக் கிரீடம் வச்சுட்டான், கத முடிஞ்சுது. நிலான்னு வச்சவங்களுக்கு அதிர்ஷ்டம், மலாய்ல அது நீலச்சாயம், கூடவே சிங்கப்பூருக்கு பேரு வச்சாருன்னு கதையில வர்ற சாங் நீல உத்தமா ஞாபகத்துக்கு வருவாரு. எல்லா ஒத்தச் சத்தமும் அசிங்கமா இருக்கணும்னு இல்ல.

சிலது பின்னாடி வந்து ஒட்டிக்கும், அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பாட்டி ஞாபகமா மாலான்னு வச்சாங்க, இப்ப ஃபுட்கோர்ட்டுக்கு ஃபுட்கோர்ட்டு மாலா சியாங் குவோங்கிற காரமான சீனச் சாப்பாடு, பசங்க அந்தப் பிள்ளையப் பாத்து "சியாவ் லாவா, தா லாவா?"ன்னு, கம்மிக் காரமா அதிகக் காரமான்னு, கேக்குது. ஸ்ரீய சிரின்னு ஸ்பெல் பண்ணவங்களுக்கு 2011ல போன் உள்ள இருந்து ஒருத்தி வந்து அதே பேருல பதில் சொல்லுவான்னு தெரியுமா என்ன.

இப்ப காரியத்துக்கு வரேன். பொறந்து 42 நாளுக்குள்ள பதிஞ்சாகணும், 2022 மே 29ல இருந்து பர்த் சர்டிஃபிகேட்டே டிஜிட்டல்தான், லைஃப்எஸ்ஜிங்கிற அரசாங்க ஆப்ல நாமளே போன்ல டைப் பண்றோம். தூக்கமில்லாத அப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு, ஒரு கையில பாட்டில். தயவுசெஞ்சு அந்த நேரத்துல பண்ணாதீங்க. 30ஆம் நாள் மொட்டை, பேரு வைக்கிறதெல்லாம் முடிச்சுட்டுதான்னா கையில 12 நாளுதான் மிச்சம், அதனால ஸ்பெல்லிங்க முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. பெரிய எழுத்துல ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, அப்பா பேரோட சேர்த்து. அத உங்க ஆபீஸ் சீன நண்பர படிக்கச் சொல்லுங்க, திருத்தாம கேளுங்க. ழவுக்கு இசட்-ஹெச் போட்டா அவங்க பின்யின் (சீனத்த இங்கிலீஷ் எழுத்துல எழுதுற முறை) வழக்கத்துல கிட்டத்தட்ட 'ஜ'ன்னு படிப்பாங்க, அது பரவால்லயான்னு பாருங்க. பக்கத்து வீட்டு மக்சிக்கிட்ட கேளுங்க. எல்லாத்தையும் விட முக்கியமா பத்து வயசுல ஒரு அக்கா பையன் இருந்தா அவன்கிட்ட குடுங்க, பெரியவங்க மரியாதைக்கு மூடி மறைப்பாங்க, அவன் மறைக்க மாட்டான்.

பதிஞ்சு வருஷக்கணக்கா ஆனப்புறம் மாத்தணும்னா டீட் போல், அதான் பேரு மாத்துற சட்டப் பத்திரம், பிள்ளைக்குன்னா அப்பா அம்மா ரெண்டு பேரும் சம்மதிக்கணும், அப்புறம் பாஸ்போர்ட்டு, ஸ்கூல் ரெக்கார்டுன்னு ஒண்ணொண்ணா அலையணும். பூங்குழலியோட அப்பா அந்த வாரமே மாத்திடுறேன்னு கோவமா வந்தாரு. அவசரப்படாதீங்கன்னு சொன்னேன். க்ளாஸ் டீச்சர்கிட்ட பேசி டெஸ்க் லேபிள்ல 'குழலி'ன்னு மாத்தினோம், நான் எல்லா பிள்ளைங்களையும் அவங்கவங்க பேருக்கு அவங்க பாஷையில என்ன அர்த்தம்னு வீட்ல கேட்டு வரச் சொன்னேன், சீனப் பிள்ளைங்க பேருலயும் பூ இருந்துச்சு, மலாய்ப் பொண்ணு ஒருத்தி பேரு மெலாத்தி, மல்லிகை. அதோட கிண்டல் நின்னுச்சான்னா நிக்கல, கொறஞ்சுது. தொடக்கநிலை 5ல அவளே போய் லேபிள்ல முழுப் பேர எழுதிக்கிட்டா.

சாய்னு எனக்கு ஒரு பழைய மாணவன். அம்மா வியாழக்கிழமை விரதம், வேற பேர நினைக்கவே இல்ல. ஹொக்கியன்ங்கிற சீன வட்டார மொழியில அதுக்கு மலம்னு அர்த்தம். ஸ்கூல்ல கூட தப்பிச்சுட்டான், என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) போனப்பதான் மாட்டுனான், கேம்ப்ல எடுபிடி வேலைக்கே 'சாய் காங்'னுதான பேரு. நெஞ்சுல நேம் டேக்க பாத்த மொத நாளே சார்ஜண்ட் சிரிச்சுட்டு சாக்கடை கழுவ அனுப்பிட்டாராம். "ரெண்டு வருஷம் டீச்சர், பேரே போஸ்டிங்கா ஆயிருச்சு"ன்னு சொல்லிச் சிரிப்பான்.

போன மாசம் அவனுக்குப் பொண்ணு பொறந்துச்சு. "நான் பட்ட பாடு என் பிள்ள படக்கூடாது டீச்சர்"னு சொல்லி ஒரே ஒரு பேர செலக்ட் பண்ணி மலாய், மாண்டரின், ஹொக்கியன், கேன்டனீஸ் எல்லாத்துலயும் ஆள் வச்சு செக் பண்ணியிருக்கான், மக்சிக் ஓகே, ஆபீஸ் அங்கிள் ஓகே, யாரும் சிரிக்கல. தொட்டில்ல போட்டு பாட்டிய காதுல மூணு தடவ சொல்லச் சொல்லியிருக்காங்க. கைலின்னு.

பாட்டி நிமிந்து பாத்து, "யாரோட கைலிடா, தாத்தாவோடதா?"ன்னு கேட்டாங்களாம்.