13 பாட்டிலா, 14 பாட்டிலா?

10 லிட்டர் தண்ணீரை 750 மில்லி லிட்டர் பாட்டில்களில் நிரப்பினால் எத்தனை பாட்டில் ஆகும்? வகுத்தால் போதும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சிக்கல் வகுப்பதில் இல்லை, கிடைத்த விடையைப் படிப்பதில் இருக்கிறது.

அதற்கு முன் அலகு. அவசரத்தில் 10-ஐ 750-ஆல் வகுத்தால் கால்குலேட்டர் 0.0133 என்று காட்டும்; அது பாவம், சொன்னதைச் செய்கிறது. லிட்டரை மில்லி லிட்டராக்கி 10,000-ஐ 750-ஆல் வகுக்க வேண்டும். அல்லது 10-ஐ 0.75-ஆல் வகுக்கலாம். இரண்டிலும் 13.33 வரும். வகுத்த பிறகு 10 எப்படி 13 ஆகக் கூடியது என்று மாணவர்கள் மிரள்வது இங்கேதான். யாருக்கும் பங்கு போடவில்லையே! பத்து லிட்டரிலிருந்து முக்கால் முக்காலாக எத்தனை முறை எடுக்கலாம் என்று எண்ணுகிறோம். எடுக்கும் அளவு ஒரு லிட்டருக்குக் குறைவு என்றால், பத்து முறைக்கு மேல் எடுத்துத்தானே ஆக வேண்டும்?

இப்போது அந்த 0.33. அதை 0.33 லிட்டர் என்று படிப்பவர்களே அதிகம். 13 பாட்டில்களில் 9,750 மில்லி போய்விடும். மிஞ்சுவது 250 மில்லி. அது ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் பாட்டில் கணக்குதான், லிட்டர் கணக்கு அல்ல.

முழுதாக நிறைபவை எத்தனை என்றால் 13. தண்ணீர் முழுவதையும் அடைக்க எத்தனை வேண்டும் என்றால் 14. அரைக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம் என்ற பள்ளி விதி இங்கே செல்லாது; விடை 13.01 ஆக இருந்தாலும் பதினான்காவது பாட்டிலை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பாட்டிலில் 750 என்று அச்சிட்டிருப்பது ஊற்ற வேண்டிய அளவு. விளிம்பு வரை அளந்தால் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். அந்த வெற்றிடம் வீணல்ல: 20 டிகிரி செல்சியஸில் ஊற்றிய 750 மில்லி தண்ணீர், 40 டிகிரியில் ஏறத்தாழ நாலரை மில்லி பெருகும். ஆகவே வகுக்க வேண்டியது அச்சிட்ட அளவால்தான்.

கொள்கலனின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவது இன்னும் ஆபத்து. நீளம், அகலம், உயரம் மூன்றும் சரிபாதியான தொட்டியைப் பார்த்தால், பெரிய தொட்டி நீருக்கு இப்படி இரண்டு போதும் என்றே தோன்றும். வேண்டியது எட்டு.