செம்பனையும் பச்சை, பாக்காவும் பச்சை: செயற்கைக்கோள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது?

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பந்திங்கில் படிவம் ஐந்து படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கைப்பேசியில் கேரித் தீவின் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் செம்பனையும் பச்சை, கடலோரப் பாக்காவ் எனும் அலையாத்திக் காடும் பச்சை. இதில் எந்தக் காட்டுக்கு ஆபத்து என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

பதில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் இருக்கிறது. இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும் என்பது பள்ளிப் பாடம். சிவப்புக்கு அடுத்துள்ள அண்மை அகச்சிவப்பை இலை ஏறக்குறைய பாதி திருப்பி அனுப்பிவிடுகிறது. காரணம், இலைக்குள் இருக்கும் பஞ்சுத் திசு. ஈரமான செல் சுவர்கள், இடையிடையே காற்று. நீரிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து நீருக்கு என்று தாண்டும்போதெல்லாம் ஒளி திசை மாறிச் சிதறுகிறது; பெரும்பங்கு வெளியே வந்துவிடுகிறது. நிறமில்லாத சோப்புத் தண்ணீர் நுரைத்ததும் வெள்ளையாவதும் இதனால்தான். உப்போ தேங்கி நிற்கும் நீரோ மரத்தை வாட்டினால் பச்சையம் குறையும், இலைகள் உதிரும். திரும்பி வரும் சிவப்பு கூடும், அகச்சிவப்பு குறையும்.

ஒரு கணக்குப் போடுவோம். செழிப்பான மரம் அகச்சிவப்பில் 40 விழுக்காட்டையும் சிவப்பில் 4 விழுக்காட்டையும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 36, கூட்டுத்தொகை 44, வகுத்தால் 0.82. வாடிய மரத்துக்கு 25, 10 என்றால் 0.43. வெயில் மங்கி இரண்டு ஒளியும் பாதியாகட்டும். 20, 2 என்று போட்டுப் பாருங்கள், மறுபடியும் 0.82தான்! வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் மரத்தின் நலம் மட்டும் எண்ணில் நிற்கிறது. இத்தனை எளிய வகுத்தல் இவ்வளவு வேலை செய்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, நல்ல செம்பனையும் உயர்ந்த எண்தானே காட்டும்? அங்கே குற்றலை அகச்சிவப்பு உதவுகிறது; அது அண்மை அகச்சிவப்பையும் தாண்டி இருக்கும் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஒளி. நீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் ஈரச்சேறு உள்ள அலையாத்திக் காடு அந்த ஒளியில் கறுத்துத் தெரியும்.

அப்புறம், ஆபத்தைக் கணிக்க வரைபட அடுக்குகள். கரை எவ்வளவு அரிக்கப்படுகிறது, அலையின் வேகம், ஓதத்தின் (கடல்நீர் ஏறி இறங்குவதன்) உயரம், தரையின் உயரம், காட்டின் அடர்த்தி என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஆபத்து மதிப்பெண் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்க்கிறார்கள். கரைக்கோட்டை ஒப்பிடும்போது கவனம் தேவை. கிள்ளான் துறைமுகப் பக்கம் பெருவோதத்தில் நீர் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். வற்றிய நேரத்துப் படத்தையும் நிறைந்த நேரத்துப் படத்தையும் ஒப்பிட்டால் இல்லாத அரிப்பு தெரியும்.

என்னைக் கேட்டால், நம் வட்டாரத்தில் எல்லாவற்றையும்விடக் கனமான அடுக்கு, கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க எஸ்டேட் போட்ட மண்கரை. கடல் உயர்ந்தால் அலையாத்தி மரங்கள் தலைமுறை தலைமுறையாக உள்நோக்கி நகரும். பின்னால் கரையும் அதன் பின்னால் செம்பனையும் இருந்தால் நகர இடமில்லை. முன்னால் அலை அரிக்க, காடு ஒல்லியாகிக்கொண்டே போகும். படத்தில் இன்று அடர்பச்சையாக 0.82 காட்டும் காடுகூட இப்படிச் சிக்கியிருக்கலாம். நகர முடியாத காட்டுக்கு ஒரே வழி, சேற்றைப் பிடித்துவைத்துத் தன் தரையை உயர்த்திக்கொள்வது. அதற்கும் எல்லை உண்டு. கடைசிப் பனியுகம் முடிந்த காலத்துப் படிவுகளை ஆராய்ந்து 2020இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, கடல்மட்டம் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் அலையாத்திகள் பெரும்பாலும் ஈடுகொடுக்க முடியாது என்கிறது.

காட்டுத் தரை உயரும் மில்லிமீட்டர்களைச் செயற்கைக்கோள் அளக்காது. 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடம் ரேடாரால் எடுத்த உயர வரைபடம், காடு உள்ள இடத்தில் பெரும்பாலும் மர உச்சியைத்தான் பார்த்தது. அப்படியே பயன்படுத்தினால் தாழ்வான சேற்றுநிலம் மேடாகிவிடும். சேற்றில் ஆழமாக எஃகுக் கம்பி இறக்கி, அதிலிருந்து தரைமட்டத்தை ஆண்டுக்கணக்கில் யாராவது அளந்துவர வேண்டும். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். படகுக்கும், சேற்றில் இறங்கும் ஆய்வு மாணவர்களின் சம்பளத்துக்கும்தான் பணம் வேண்டும். ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவோரிடம், புதிய கணினிகள் வாங்குமுன் அதற்கு ஒதுக்குங்கள் என்பேன்.