காயம்பட்ட பிள்ளையின் தட்டில் கை வைக்காதீர்கள்

மூட்டு ஆபரேஷன் முடிந்த பள்ளிப் பிள்ளையை எலும்பு டாக்டரும் பிசியோவும் பார்த்துவிட்டு என் அறைக்கு அனுப்புவார்கள். நான் ஊட்டச்சத்து ஆலோசகர். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஓடியாடிக்கிட்டு இருந்த பிள்ளை மேடம், இப்ப சும்மாவே உட்கார்ந்திருக்கு. வெயிட் போட்டுடுமே, சாப்பாட்டுல எதைக் குறைக்கணும்?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் என்னிடம் வருவதற்குள் பல வீடுகளில் குறைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு, கபடியில் நல்ல ரைடர். திரும்பும்போது கால் மடங்கி, முழங்காலில் ஏசிஎல் கிழிந்துவிட்டது. நம் ஊரில் 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு' என்பார்களே, அதுதான். திடீரென்று நின்று திரும்பும் ஆட்டங்களில் இந்தக் காயம் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மா பெருமையாகத்தான் சொன்னார்: "53 கிலோ இருந்தா. இப்ப 52. ஒரு கிலோகூட ஏற விடல மேடம். ராத்திரி சோறே கிடையாது."

எடை மெஷினை விட்டுவிட்டு இஞ்ச் டேப்பை எடுத்தேன். முழங்கால் சில்லுக்கு மேலே 15 சென்டிமீட்டரில் பேனாவால் ஒரு கோடு, அந்த இடத்தில் தொடையின் சுற்றளவு. இரண்டு காலிலும் அளந்ததில் அடிபட்ட கால் மூன்றரை சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டதற்கு அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதமாக வரவில்லை. "மருந்து சூடுன்னு நினைச்சோம்" என்றார் அம்மா.

எடை மெஷின் மொத்தத்தைத்தான் சொல்லும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கால் அசையாமல் இருக்கும்போது தசை கரைவது முதல் ஓரிரு வாரங்களிலேயே வேகமாக நடக்கிறது. முன்தொடைத் தசைதான் முதலில் அடிவாங்கும். மூட்டைத் தாங்குவதும் அதே தசைதான். சாப்பாட்டையும் குறைத்தால் இந்தக் கரைதல் இன்னும் வேகமாகும். ஆக, 'எடை ஏறவில்லை' என்ற நல்ல செய்திக்குள் தசை போய்விட்டது என்ற கெட்ட செய்தி ஒளிந்திருக்கலாம். இவள் விஷயத்தில் அதுதான் நடந்திருந்தது.

'சும்மா உட்கார்ந்திருக்கா' என்பதும் பாதி உண்மைதான். ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணை ஆற்றவும், கிழிந்ததற்குப் பதிலாக வைத்துத் தைத்த ஜவ்வை உயிருள்ள ஜவ்வாக மாற்றவும் உடல் கூடுதலாகச் செலவழிக்கிறது. கட்டைக்கோல் ஊன்றி நடப்பதற்குச் சாதாரண நடையைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி வேண்டும். இதற்கு மேல், அந்த வயதில் எலும்பு உறுதிப்பட்டுக்கொண்டிருக்கும். ஓரளவு நடமாட்டமுள்ள 16–18 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 2500 கலோரி என்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது. பிராக்டீஸ் நின்றால் இதில் கொஞ்சம் குறையும், சரி. இவள் சாப்பிட்டது இதில் பாதிகூட இல்லை.

என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில் இரண்டு இட்லி, சட்னி. மதியம் டப்பாவில் ரசம் சாதம், உருளைக்கிழங்கு. மாலையில் டீ, நாலு பிஸ்கட். ராத்திரி இரண்டு சப்பாத்தி. எல்லாவற்றையும் கூட்டினாலும் புரதம் 25 கிராமைத் தாண்டாது. காயத்திலிருந்து மீளும் விளையாட்டுப் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 முதல் 2 கிராம் வரை வேண்டும். இவளுக்கு அது 85-இலிருந்து 105 கிராம். இன்னொன்றும் கவனித்தேன். பத்தாம் வகுப்பு வரை பள்ளிச் சத்துணவில் தினமும் ஒரு முட்டை கிடைத்துக்கொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அது நின்றுவிட்டது. வீட்டில் அதை யாரும் ஈடுகட்டவில்லை, யாருக்கும் தோன்றவும் இல்லை.

மாற்றி எழுதிக் கொடுத்தது பெரிய செலவில்லாத சாப்பாடுதான். காலையில் மூன்று இட்லி, நிறையப் பருப்பு போட்ட சாம்பார், இரண்டு முட்டை. மதியம் சோறு வழக்கம்போல. கூடவே கோழியோ மீனோ உள்ளங்கை அளவு, ஒரு கீரை, தயிர். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு டம்ளர் பால். ராத்திரி சப்பாத்தியோடு முட்டைப் பொரியல் அல்லது சோயா உருண்டைக் குழம்பு. படுக்கும் முன் இன்னொரு டம்ளர் பால். இதிலேயே நூறு கிராம் பக்கம் வந்துவிடும். சைவ வீடுகளில் சோயாவும் பனீரும் வேர்க்கடலையும் அசைவத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மொத்தப் புரதத்தையும் ராத்திரி ஒரே வேளையில் கொட்டுவதைவிட வேளைக்கு 20–30 கிராமாகப் பிரித்துக் கொடுத்தால் தசை அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

அப்போது எதைத்தான் குறைப்பது? பிராக்டீஸுக்காகச் சேர்ந்த கூடுதல் சாப்பாட்டை. கிரவுண்டுக்குப் போகும் முன் குளுக்கோஸ் தண்ணீர், முடிந்ததும் பன்-பட்டர்-ஜாம், வரும் வழியில் பாக்கெட் ஜூஸ், சனிக்கிழமை மேட்ச் முடிந்து டீமோடு பரோட்டா. ஓட்டம் நின்ற பிறகும் இவை மட்டும் தொடர்வதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். வேளைச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு இவற்றை விட்டுவிடுகிறோம். இவை நின்றாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பொரியலில் ஒரு கரண்டி கூட்டினால் போதும்.

இன்னொரு பக்கமும் உண்டு. பதினான்கு வயது வேகப்பந்து வீச்சாளன் ஒருவன் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து எலும்பில் வரும் மெல்லிய விரிசல்) வந்து நான்கு மாதமாகப் பந்தைத் தொடவில்லை. ஐந்து கிலோ ஏறிவிட்டதென்று அப்பா பதறிக்கொண்டு வந்தார். உயரத்தை அளந்தால் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். இந்த வயதில் எடை ஏறாவிட்டால்தான் நான் பயப்பட வேண்டும். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும், பெரியவர்களுக்கான பிஎம்ஐ கணக்கைப் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். இந்தியக் குழந்தைகள் மருத்துவச் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் குழந்தை மருத்துவரிடம் இருக்கும். வயதையும் உயரத்தையும் சேர்த்து அதில் பார்ப்பதுதான் முறை. அந்தப் பையனுக்கு நான் உணவில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. பாலும் ராகியும் சேர்க்கச் சொல்லி, வைட்டமின் டி ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் அனுப்பினேன்.

வரைபடத்தின்படி உண்மையிலேயே எடை கூடியிருக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுக்கும் ஆபரேஷன் முடிந்த முதல் வாரங்களில் குறைக்கும் பேச்சே கிடையாது. வளரும் பையனென்றால் எடையை அப்படியே பிடித்துவைத்தால் போதும், உயரம் வந்து சரிக்கட்டிவிடும். வயதுக்கு வந்து சில வருடமாகி, வளர்த்தி நின்ற பெண்ணுக்கு அது பொருந்தாது. பிசியோ எடை தூக்கும் பயிற்சியை ஆரம்பித்த பிறகு, மருத்துவருக்குத் தெரிந்து, மிக மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

பீரியட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒழுங்காக வந்துகொண்டிருந்தது தொடர்ந்து மூன்று மாதம் நின்றால் அதை மருந்துச் சூடு என்று தள்ளிவிடாதீர்கள். உடலுக்கு வேண்டிய சக்தி கிடைக்காதபோது அது முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் மாதவிலக்கும் ஒன்று. கூடவே எலும்பும் பலவீனமாகும். காயம் ஆறுவதும் தள்ளிப்போகும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லிருந்து இந்தச் சக்திப் பற்றாக்குறையைத் தனி உடல்நலச் சிக்கலாகவே எடுத்துச் சொல்லி வருகிறது. பையன்களுக்கும் இது வரும். வெளியே தெரியும் அடையாளம் இல்லாததால் பிடிபடுவதில்லை. ரத்தச்சோகையையும் கூடவே பார்த்துவிடுங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 15–19 வயது இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை இருந்தது. சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிப்பதை நிறுத்துவது இதற்கு ஒரு காசு செலவில்லாத வழி. டீ இரும்புச்சத்தை உடலில் சேர விடாது.

புரோட்டீன் பவுடர் பற்றிக் கேட்காத அப்பா இல்லை. முட்டையும் பாலும் பருப்பும் வாங்கும் வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. போட்டிகளில் ஆடும் பிள்ளை என்றால் கூடுதல் ஆபத்தும் இருக்கிறது. டப்பாவின் மேல் எழுதாத தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எடைப் பிரிவு உள்ள ஆட்டங்களில் பிள்ளைகள் தாங்களாகவே சிலதைக் கற்றுக்கொள்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்த இறுதிப்போட்டியன்று வினேஷ் போகத் நூறு கிராம் கூடுதலாக இருந்து தகுதி நீக்கம் ஆனது நாடே பார்த்த செய்தி. அதற்கு முந்தைய வருடம்தான் அவரும் ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்டவர். போட்டிக்கு முந்தைய ராத்திரி சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், முடியை வெட்டி எடை குறைக்கப் பார்த்த கதையைப் பிள்ளைகள் சாகசமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கபடிப் பெண்ணும் அதையே என்னிடம் சொன்னாள். மாடியில் யாருக்கும் தெரியாமல் ஸ்கிப்பிங் ஆடியிருக்கிறாள், ஆபரேஷன் செய்த காலோடு. அன்று மூட்டு வீங்கியதற்குக் காரணம் புரியாமல் பிசியோ குழம்பிப்போயிருந்தார். எடைக்காக ஓடுவதும் குதிப்பதும் பிசியோ அனுமதிக்கும்வரை கூடவே கூடாது. வியர்க்க வேண்டுமென்றால் உட்கார்ந்தபடி கைகளுக்கு டம்பெல், மூட்டு போதுமான அளவு மடங்கத் தொடங்கியதும் நகராத உடற்பயிற்சி சைக்கிள், தையல் முழுவதும் ஆறிய பின் நீச்சல்குளத்தில் நடை என்று வழி இருக்கிறது. வரிசையைப் பிசியோ சொல்லட்டும்.

வீட்டுப் பேச்சையும் கொஞ்சம் கவனியுங்கள். "குண்டாயிட்டே", "இப்படியே போனா யாரு டீம்ல எடுப்பா" என்று அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ விளையாட்டாகச் சொல்வது, கிரவுண்டையும் தோழிகளையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைக்கு விளையாட்டாக இருக்காது. தனியாகச் சாப்பிடப் போவது, சாப்பிட்டதும் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்வது, ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது, இதெல்லாம் தெரிந்தால் திட்டாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். எடை மெஷினைப் பரணில் ஏற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை டேப்பும், பிசியோ வைக்கும் கால் பலச் சோதனையும் போதும்.

கடைசியாகக் கோச். ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறக்கினால் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுகிறது. பதின்ம வயதில் அந்த ஆபத்து ஏற்கெனவே அதிகம். அதுவரை எடை பார்க்க அவளைக் கூப்பிட வேண்டாம் என்று கபடிப் பெண்ணின் மாஸ்டரிடம் போனில் பேசினேன். "அடுத்த செலக்‌ஷன்ல பிரிவு மாறிடுமே மேடம்" என்று இழுத்தார். மாறட்டும் சார் என்றேன். அடிபட்ட கால் நல்ல காலின் பலத்தில் 90 சதவீதத்தையாவது எட்டிய பிறகு, அவள் எந்த எடையில் நிற்கிறாளோ அந்தப் பிரிவில் ஆடட்டும்.