புது ஃபைபர் ஏன் சும்மா கிடந்தது?

"பத்து ஜிகாபிட் ஃபைபர் போட்டாச்சு சார். ஆனா ஃபைல் காப்பி ஆக முன்ன மாதிரியேதான் நேரமாகுது." அழைத்தவர் ஒரு நிறுவனத்தின் ஐடி பொறுப்பாளர். போய்ப் பார்த்தேன். கிளையிலிருந்து தலைமை அலுவலகம் போகும் ஒரு பாக்கெட்கூடப் புது ஃபைபரில் ஏறவில்லை. எல்லாம் பழைய 100 எம்பிபிஎஸ் லிங்க்கிலேயே முட்டி மோதிக்கொண்டிருந்தன. கேபிளில் பழுதில்லை. ரூட்டரும் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தது.

அங்கே ஓடியது ஓஎஸ்பிஎஃப்: பாக்கெட் எந்த வழியில் போகவேண்டும் என்று முடிவுசெய்ய ரூட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு புரோட்டோகால், அதாவது விதிமுறை. பழைய ரிப் புரோட்டோகால், வழியில் எத்தனை ரூட்டர் என்று மட்டும் எண்ணும். எண்ணிக்கை 16-ஐத் தொட்டால் வழியே இல்லை என்றுவிடும். ஓஎஸ்பிஎஃப்பில் ஒவ்வொரு ரூட்டரும் தன் லிங்க்குகளையும் அவற்றின் காஸ்ட்டையும் (அதில் போக ஆகும் 'செலவு' எண்) அறிவிக்கும். அது ஏரியா (ரூட்டர்களின் ஒரு தொகுப்பு) முழுக்கப் பரவி, எல்லா ரூட்டரிடமும் ஒரே வரைபடம் சேரும். அதன்மேல் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறுகிய பாதைக் கணக்கை ஓட்டி, மொத்தக் காஸ்ட் குறைந்த வழியை எடுத்துக்கொள்ளும். லிங்க் நிரம்பி வழிகிறதா என்றெல்லாம் பார்க்காது. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

சிஸ்கோ ரூட்டர்களின் மென்பொருளான ஐஓஎஸ்ஸில், யாரும் மாற்றாதவரை, ரெஃபரன்ஸ் பேண்ட்வித் என்ற அடிப்படை எண் 100 எம்பிபிஎஸ். அதை லிங்க்கின் வேகத்தால் வகுத்தால் வருவது காஸ்ட். 10 எம்பிபிஎஸ்ஸுக்கு 10, 100-க்கு 1. ஜிகாபிட்டுக்கு 0.1 வரவேண்டும், ஆனால் 1-க்குக் கீழே காஸ்ட் இறங்காது. ஆக 100 எம்பிபிஎஸ்ஸும் பத்து ஜிகாபிட்டும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். இங்கே பழைய லிங்க் நேரடி: காஸ்ட் 1. புது ஃபைபர் டேட்டா சென்டர் வழியாக இரண்டு துண்டு: 1+1. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ரெஃபரன்ஸ் பேண்ட்வித்தை 1,00,000 எம்பிபிஎஸ் ஆக்கினேன். பழையது 1000, புதியது 10+10. இதை எல்லா ரூட்டரிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் போக ஒரு வழி, வர ஒரு வழி என்றாகி, நடுவில் ஃபயர்வால் இருந்தால் ஒரு பக்கப் பேச்சை மட்டும் பார்த்து இணைப்புகளை அறுத்துவிடும். பகலில் கை வைக்காதீர்கள்.

அப்படியும் ஒரு சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு முகவரிப் பகுதி) மட்டும் பழைய வழியை விடவில்லை. காரணம், எப்போதோ யாரோ அவசரத்துக்குக் கையால் எழுதிவைத்த நிலையான வழி, அதாவது ஸ்டாட்டிக் ரூட். எந்த மூலத்தின் வழியை நம்புவது என்று ரூட்டர் பார்க்கும் நம்பக மதிப்பு அதற்கு 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. காஸ்ட்டை ஒப்பிடும் பேச்சே எழாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று: பாக்கெட்டை அனுப்பும்போது அதிகத் துல்லியமான முகவரித் தொகுதியே ஜெயிக்கும். 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப்பின் /22 தொகுதிக்குள் ஒரு /24-ஐ (எண் பெரிதானால் தொகுதி சிறிது, துல்லியம் அதிகம்) பாகிஸ்தான் டெலிகாம் அறிவிக்க, அது வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் சுமார் 2 மணி நேரம் யூடியூப் கிடைக்காமல் போனது இதனால்தான்.

ஸ்டாட்டிக் ரூட்டை நீக்கியதும், பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளை புது வழியைக் காட்டியது. "அப்ப பழைய லிங்க்கைக் கட் பண்ணிடலாமா சார்?" என்றார்.

வேண்டாம் என்றேன். ஜேசிபி என்றைக்காவது ஃபைபரைக் கடிக்கும். ரூட்டரின் போர்ட்டே டவுன் ஆனால் உடனே பழைய வழிக்கு மாறிக்கொள்ளும். நடுவில் சுவிட்ச் இருந்து போர்ட் அப்பிலேயே நின்றால், ரூட்டர்கள் 'இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று அனுப்பும் ஹலோ செய்தி வராத 40 விநாடிக்குப் பிறகுதான் (வழக்கமான அமைப்பில்) மாறும்.