உல்லாசக் கப்பலில் தூங்க எந்தக் கேபின் நல்லது?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமாக உல்லாசக் கப்பலில் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் போகிறார்களாம். மாமியாருக்குத் தூக்கம் லேசு, பக்கத்து அறையில் யாராவது தும்மினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாராம். பயண முகவர் "மேல் தளத்தில் பால்கனியோடு எடுங்கள், அங்கேதான் அமைதியாக இருக்கும்" என்கிறார். விலையோ எகிறுகிறது. முகவர் சொல்வது நிஜமா?

பெரும்பாலும் இல்லை. கேபினின் விலை, சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. தூக்கம், தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. சொல்லப்போனால் சில சமயம் காசு கொடுத்துச் சத்தத்தை வாங்குகிறோம், ஏனென்றால் விலை கூடிய மேல்தள கேபின்கள் பலவற்றுக்கு நேர் மேலேதான் நீச்சல்குளமும் பஃபே உணவகமும் இருக்கும்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அது பள்ளிக்கூட இயற்பியல்தான். கப்பல் அலையில் மூக்கைத் தூக்கி இறக்கும்போது ஏறக்குறைய தன் நடுப்பகுதியை மையமாக வைத்துத்தான் ஆடுகிறது. 330 மீட்டர் நீளக் கப்பலில், நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளி மூக்குப் பக்கம் கேபின் எடுத்தீர்கள் என்றால், கப்பல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் உங்கள் கட்டில் 2.6 மீட்டர் மேலே போகும், அடுத்த சில விநாடிகளில் அதே அளவு கீழே போகும். நடுவிலிருந்து 20 மீட்டரில் இருப்பவருக்கு வெறும் 35 சென்டிமீட்டர். இடமும் வலமுமாக உருளும் ஆட்டத்துக்கு உயரம்தான் எதிரி, மேலே போகப் போக வீச்சு கூடும். அந்த உருளலை அடக்கக் கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்குள் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கைகள் நீளும். கப்பல் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அவற்றுக்கு வலு, மூக்கு ஏறி இறங்கும் ஆட்டத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நடுவில், கொஞ்சம் கீழே. அவ்வளவுதான். மலாக்கா நீரிணையில் போகும் வரை ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் தீபகற்பம் என்று இரண்டும் அலையை மறைத்துக்கொள்ளும், இந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. அதே டிசம்பரில் வியட்நாம் பக்கம் கிளம்பினால் கதை வேறு, வடகிழக்குப் பருவக்காற்றுத் தென்சீனக் கடலை நன்றாகவே கிளறிவிட்டிருக்கும்.

குமட்டலுக்கும் ஒரு தாளம் இருக்கிறது. ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கினால்தான் மனிதர்களுக்கு வயிறு மிக மோசமாகப் புரட்டும், அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஆடினால் பாதிப்புக் குறையும். 1970களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான இளைஞர்களை ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, மேலும் கீழும் ஆட்டி, யார் எப்போது வாந்தி எடுக்கிறார்கள் என்று எண்ணிக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதியவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வருகிறது. இன்றைக்கு இருக்கும் அதிர்வுத் தரநிலைகளில் குமட்டலைப் பற்றிய பகுதிக்கு அந்தப் பெட்டியும் ஒரு அடிப்படை. நம் ஊரிலும் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் கடல் அலைகளை உண்டாக்கிப் பார்க்கும் பெரிய ஆய்வுத் தொட்டி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் ஒட்டாத ஆய்வுக்குப் பணம் கொடுக்க எல்லோரும் யோசிக்கிற காலத்தில், தண்ணீரை ஆட்டிப் பார்க்கிறவர்களுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்பேன். துறைமுகத்தை வைத்துப் பிழைக்கிற ஊர் இது.

சரி, சத்தத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடிக் கோலிக்குண்டுக் கதை தெரிந்திருக்கும். நடுராத்திரி மேலே கோலி விழுந்து உருளும் சத்தம் கேட்கும், மேலே போய்க் கேட்டால் அந்த வீட்டில் ஆளே இல்லை என்பார்கள், உடனே குழந்தைப் பேய் என்று ஒரு கதை கிளம்பும். குழாயில் ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது விழும் அடி என்பது பலரும் சொல்லும் விளக்கம். பேயை விடுங்கள், அதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மேல் வீட்டுத் தொலைக்காட்சி உங்களுக்குக் கேட்காது, ஆனால் மேலே ஒருவர் நாற்காலியை நகர்த்தினால் காதுக்குள்ளேயே நகர்த்துவது போல் கேட்கும். தொலைக்காட்சியின் ஒலி காற்று வழியாக வந்து தரையில் மோதுகிறது. நாற்காலி தரையையே நேரடியாக அடிக்கிறது.

கப்பலில் அந்தத் தரை எஃகு. வெறும் 6 மில்லிமீட்டர் எஃகுத் தகடு என்றே வைத்துக்கொள்வோம், ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ வரும். மேலே ஒருவர் பாடுகிறார். அவர் குரல் இந்தத் தகட்டை அசைத்தால்தான் கீழே கேட்கும், ஆனால் காற்றுக்கு 47 கிலோவை அசைக்கும் தெம்பு எங்கே இருக்கிறது? 500 ஹெர்ட்ஸ் ஒலியில் (விநாடிக்கு 500 அதிர்வு) சுமார் 40 டெசிபல் தடுபட்டுவிடும், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் கீழே இறங்கும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால் தடுப்பில் 6 டெசிபல் போய்விடும். அதனால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்போது தடுப்பு 20 டெசிபல்தான். கப்பலின் நடன அரங்குக்குக் கீழே படுத்திருப்பவருக்குப் பாட்டு காணாமல் போய் 'தும் தும்' மட்டும் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது நீச்சல்குளத் தளத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு ஊழியர் சாய்வு நாற்காலிகளை வரிசைப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலிக் கால் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தரையைப் பிடிக்கிறது, இழுப்பு கூடியதும் விடுபட்டுத் துள்ளுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இந்தப் பிடித்தலும் விடுதலும் நடக்கிறது, நம் காதில் அது கிறீச்சென்று விழுகிறது. ஒவ்வொரு பிடியும் தகட்டை நேராக வளைக்கிறது. காற்றைத் தாண்டி வர வேண்டிய வேலையே இல்லை, 40 டெசிபல் சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு வந்தாயிற்று. எஃகு இந்த அதிர்வைத் தனக்குள் விழுங்கிக்கொள்ளவும் மாட்டேன் என்கிறது, மரம் ரப்பரெல்லாம் பக்கத்தில்கூட வர முடியாத அளவுக்கு அது அதிர்வை அப்படியே வைத்துக் கடத்தும். அதனால் நேர் மேலே நகரும் நாற்காலிதான் என்றில்லை, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நகர்வதும் வந்து சேரும்.

ஆனால் தகடு அதிர்ந்தால் மட்டும் போதாது, அந்த அதிர்வு உங்கள் கேபின் காற்றுக்குள் இறங்க வேண்டும். இங்கேதான் விஷயம் அழகாகிறது. காற்றில் எல்லா ஒலியும் ஒரே வேகத்தில், விநாடிக்கு 340 மீட்டர் சுமாருக்கு ஓடும், கட்டைக்குரலுக்கும் கீச்சுக்குரலுக்கும் ஒரே வேகம். தகடு வளைந்து நெளியும் அலைகள் அப்படியில்லை. அவற்றில் கீச்சுக்குத்தான் வேகம் அதிகம், அதிர்வெண் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். நம் 6 மில்லிமீட்டர் தகட்டில் 500 ஹெர்ட்ஸ் அலை விநாடிக்கு 170 மீட்டர் போகிறது. அது காற்றொலியைவிட மெதுவு, எனவே தகட்டின் மேடு தள்ளிய காற்றுக்குப் பக்கத்துப் பள்ளத்துக்குள் ஓடி ஒளிய நேரம் கிடைத்துவிடுகிறது. தள்ளலும் இழுப்பும் அங்கேயே கழிந்துபோய், வெளியே வரும் சத்தம் குறைகிறது. 2,000 ஹெர்ட்ஸ் சுமாரில் தகட்டலையின் வேகம் 340ஐத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் காற்றுக்கு ஓடித் தப்ப நேரமில்லை. தகடு முழுவதும் ஒரு ஒலிபெருக்கியாகிவிடுகிறது.

நாற்காலியின் கிறீச்சு எந்த அதிர்வெண்ணில் வருகிறது? ஓராயிரத்திலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது எங்கே? 2,000க்கும் 4,000க்கும் நடுவில். தகடு ஒலிபெருக்கியாகும் இடமும், நாற்காலி கத்தும் இடமும், காது விழித்திருக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கின்றன. யாரும் திட்டமிடவில்லை, இருந்தாலும் திட்டமிட்ட மாதிரியே இருக்கிறது.

கப்பல் கட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். சத்தம் வரும் இடங்களில் தரைக்கு மேல் தாது இழைக் கம்பளம் விரித்து அதன்மேல் இன்னொரு தரையை மிதக்கவிடுவார்கள், கேபின் கூரையையும் தனியாகத் தொங்கவிடுவார்கள். அவை நிறையவே குறைக்கும். முழுக்கக் குறைப்பது கஷ்டம், ஏனென்றால் எங்காவது ஒரு குழாய், ஒரு தாங்கி இரண்டையும் தொட்டுக்கொண்டிருந்தால் அதிர்வுக்கு அந்த வழி போதும்.

ஆகவே வாசகிக்கு என் பதில்: கேபின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தளத்தின் வரைபடத்தை மட்டும் பார்க்காதீர்கள், மேல் தளத்தின் வரைபடத்தையும் கீழ்த் தளத்தின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்று நடுவில் மாட்டிக்கொண்ட அறைதான் அமைதி. செருப்பில்லாமல் கம்பளத்தில் நடக்கும் மனிதரைவிட நல்ல மேல்மாடிக்காரர் கிடையாது. வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்டிருக்கும் பகுதி பெரும்பாலும் ஊழியர்களுடையது, சமையலறையாகவோ தள்ளுவண்டி ஓடும் வழியாகவோ இருக்கலாம், அதன் பக்கத்தில் வேண்டாம். பக்கத்து அறையோடு இணைக்கும் கதவு உள்ள கேபினையும், சேர்ந்து போகும் குடும்பமாக இல்லாவிட்டால், தவிர்த்துவிடுங்கள். சுவரின் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தாலே, சுவர் எவ்வளவு நல்லதானாலும் 30 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கதவுக்கு அடியில் ஒரு விரல் அகலச் சந்து அந்த ஆயிரத்தில் ஒன்றுக்குப் போதுமானது. அப்படிப் பார்த்தால் கப்பலின் நடுவில், கொஞ்சம் கீழே, சன்னலில்லாத உள்பக்கக் கேபின்தான் பல சமயம் மாமியாருக்குச் சரிப்பட்டு வரும். மலிவும்கூட. கடலைப் பார்க்கத்தான் மேலே அவ்வளவு பெரிய தளம் இருக்கிறதே. அடைபட்ட அறையில் மூச்சு முட்டுகிறது என்பவர்களை மட்டும் அங்கே தள்ளாதீர்கள்.

பின்பக்கம் வேறு ஒரு தொல்லை. இன்றைய கப்பல்கள் பலவற்றில் எஞ்சின் மின்சாரம் மட்டுமே தயாரிக்கிறது, ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் அது பெரிதாக உறுத்தாது. உறுத்துவது உந்துவிசிறி. நான்கு இதழ்கள் நிமிடத்துக்கு 120 சுற்றுச் சுற்றினால், விநாடிக்கு எட்டு முறை ஒரு இதழ் கப்பலின் அடிவயிற்றைக் கடந்து போகிறது, ஒவ்வொரு முறையும் ஒரு அழுத்த அடி. 8 ஹெர்ட்ஸ் காதுக்கு எட்டாது, மேசைமேல் வைத்த கண்ணாடி டம்ளருக்கு எட்டும். 1935இல் முதல் பயணம் போன நார்மண்டி என்ற பிரெஞ்சுக் கப்பல் இதில் பெயர்போனது. அத்தனை ஆடம்பரக் கப்பலின் பின்பகுதி தாங்க முடியாதபடி அதிர்ந்து, கடைசியில் மூன்று இதழ் விசிறிகளை எடுத்துவிட்டு நான்கு இதழ் மாட்டினார்கள். இப்போது விசிறியையும் மோட்டாரையும் ஒரே கூட்டில் வைத்து அடியில் தொங்கவிட்டு, விசிறி முன்பக்கம் பார்த்தபடி கப்பலை இழுக்கும் ஏற்பாடு பரவிவிட்டது. கலங்காத தண்ணீரில் சுற்றுவதால் அதிர்வு நன்றாகக் குறைந்திருக்கிறது. மூக்குப் பக்கக் கீழ்த்தளங்களில் இன்னொன்று உண்டு: துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் குறுக்குச் சுரங்க விசிறிகள். காலையில் கரை சேரும் கப்பல் என்றால் அதுதான் உங்கள் அலாரம்.

பலரும் கேபின் எண்ணைக் கூட்டிப் பார்க்கிறார்கள், எட்டு வந்தால் வேண்டாம் என்கிறார்கள். போகட்டும், அதனால் யாருக்கும் தூக்கம் கெடாது. ஆனால் கட்டில் வடக்குப் பக்கம் தலை வைக்கிற மாதிரி இருக்கிறதா என்று ஒருவர் மெனக்கெட்டு விசாரித்தார். மரீனா பேயிலிருந்து கிளம்பும் கப்பல் முதலில் மேற்கே போய், நீரிணைக்குள் வடமேற்கே திரும்பி, திரும்பி வரும்போது தென்கிழக்கே வருகிறது, கட்டிலும் கூடவே திரும்புகிறது. எந்த வாஸ்து நிபுணரிடம் கேட்டாலும் சரி, நின்றுபோன கப்பலுக்குத்தான் அவரால் பதில் சொல்ல முடியும். அந்த நேரத்தில் மேல்தள வரைபடத்தைப் பார்த்திருந்தால் பஃபேக்கு அடியில் படுக்காமலாவது தப்பித்திருப்பார்.

கடைசியாக ஒன்று. மிகக் குறைந்த விலையில், எந்தக் கேபின் என்பதைக் கப்பல் நிறுவனமே பின்னால் முடிவு செய்யும் வகைச் சீட்டுகள் உண்டு. அதை வாங்கினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் உங்கள் கையில் இருக்காது. அப்போது நுரைக் காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் சில வெள்ளிதான். நாற்காலியின் கிறீச்சை அது நன்றாகவே அடக்கும், கீச்சொலிகளைத் தடுப்பதில்தான் அது கெட்டி. உந்துவிசிறியின் அதிர்வுக்கு அது உதவாது, அது கட்டில் வழியாக உடம்புக்குள் நேராக வருகிறது.