நிரம்பியது எந்தப் பார்ட்டிஷன்?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கடை, கிளினிக், அரிசி ஆலை என்று சின்னச் சின்ன இடங்களில் ஓடும் லினக்ஸ் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். "தம்பி, சேர்வர் நிரம்பிட்டாம், பில் அடிக்க ஏலாமக் கிடக்கு" என்று யாராவது போன் எடுத்தால், நான் முதலில் சொல்வது எதையும் அழிக்க வேண்டாம் என்பதைத்தான். பெரும்பாலும் டிஸ்க் முழுவதும் நிரம்பியிருக்காது, ஒரு பார்ட்டிஷன்தான், அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதிகளில் ஒன்றுதான், நிரம்பியிருக்கும். ஒரு வரம்புக்குள் தண்ணீர் தளும்ப, அடுத்த வயல் வெடித்துக் கிடக்கிற கதைதான்.

அவசரத்தில் அழிப்பவர்கள் கண்ணில் படுகிற பெரிய பைலைத்தான் பிடிப்பார்கள். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடும் சேர்வரில் அது ‘ஐபிடேட்டா1’ ஆக இருந்துவிட்டால் முடிந்தது கதை. அது குப்பை இல்லை, டேட்டாபேஸின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் வரிசையாகக் கிடக்கும் பைனரி லொக்குகளையும் (டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவுகள்) கையால் அழிக்கக்கூடாது. அவற்றைக் கழிக்க மைஎஸ்கியூஎல்லுக்கு உள்ளேயே கட்டளை உண்டு. 8.0 பதிப்பில் அவை 30 நாள் தங்கும்படி வைத்திருக்கிறார்கள். சின்னக் கடைக்கு அவ்வளவு வேண்டியதில்லை, குறைத்துக்கொள்ளலாம்.

சரி, எங்கே பார்ப்பது? ‘டிஎஃப் -எச்’ அடித்தால் எந்தப் பார்ட்டிஷன் 100 சதவீதத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அங்கே இடம் இருப்பதாகக் காட்டியும் "இடமில்லை" என்ற பிழை வந்துகொண்டிருந்தால் ‘டிஎஃப் -ஐ’ அடித்து ஐநோட்களைப் பாருங்கள். ஒவ்வொரு பைலுக்கும் ஒரு ஐநோட், அதாவது அதன் விபரம் எழுதும் ஒரு பதிவு, வேண்டும். லட்சக்கணக்கான குட்டிக் குட்டி செஷன் பைல்கள் சேர்ந்தால் ஐநோட் தீர்ந்துவிடும். அப்புறம் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் ‘டியு’. அதோடு ‘-எக்ஸ்’ சேர்க்க மறந்தால் மற்றப் பார்ட்டிஷன்களையும் கூட்டி எண்ணிக் குழப்பும்.

டிஎஃப் 98 ஜிபி என்கிறது, டியு 40 ஜிபிதான் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில்தான் பலர் திணறுகிறார்கள். ஒரு காரணம், அழித்த பைலை ஏதோ ஒரு சேவை இன்னும் திறந்து வைத்திருப்பது. பெயர் போய்விட்டாலும் இடம் திரும்பி வராது. ‘எல்எஸ்ஓஎஃப்’ அதைக் காட்டிக் கொடுக்கும். அந்தச் சேவையை மட்டும் றீஸ்டார்ட் செய்தால் போதும்.

மற்றக் காரணம் எங்கள் பகுதிக்கு நன்றாகப் பழக்கமானது. நவம்பர் தொடங்கி மழைக்காலம் முழுக்க கரண்ட் போய்ப் போய் வரும். சேர்வர் மறுபடி எழும்பும்போது, பக்கப் எடுக்கும் யூஎஸ்பி டிஸ்க் சில நேரம் கூட எழும்பாது. அதற்காக சேர்வர் பாதியில் நின்றுவிடக்கூடாது என்று, எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் ‘எஃப்எஸ்டேப்’ பைலில் ‘நோஃபெயில்’ போட்டிருப்பார்கள். போட வேண்டியதுதான். ஆனால் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது தன் ஃபோல்டரோடு இணையவில்லை, என்பதை அதன்பிறகு யாரும் கவனிப்பதில்லை. இரவில் பக்கப் ஸ்கிரிப்ட் வழமைபோல ஓடி, அதே பெயரில் உள்ள வெறும் ஃபோல்டருக்குள், அதாவது சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனிலேயே, எழுதிக்கொண்டிருக்கும். பிறகு யாராவது டிஸ்க்கை மவுண்ட் செய்தால் அந்தப் பைல்கள் எல்லாம் அடியில் மறைந்துவிடும். டியுவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ரூட்டை வேறொரு ஃபோல்டரிலும் தெரியும்படி ‘பைண்ட் மவுண்ட்’ செய்து பார்த்தால் அத்தனையும் அங்கே கிடக்கும்.

இதைத் தடுக்க, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘மவுண்ட்பொயின்ட்’ கட்டளையால் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் நிறுத்திவிடச் சொல்லுங்கள். நான் இன்னொன்றும் செய்வேன். டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த வெறும் ஃபோல்டருக்கு ‘சிஎச்ஆட்டர் +ஐ’ என்ற பூட்டைப் போட்டு வைப்பேன். அதன்பிறகு எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அதற்குள் புதிதாக எதையும் எழுத முடியாது.

புதிய டிஸ்க் வாங்குவதற்கு முன், ஒதுக்காமல் மிச்சமிருக்கும் இடத்தைக் காட்டும் ‘விஜிஎஸ்’ கட்டளையையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் சேர்வரை எல்விஎம்முடன் (டிஸ்க் இடத்தைப் பிறகு கூட்டிக் கொடுக்க வசதி தரும் முறை) அது சொல்கிறபடியே நிறுவினால், 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் ரூட்டுக்கு 100 ஜிபிதான் ஒதுக்கும். மிச்சம் யாருக்கும் இல்லாமல் கிடக்கும். 500 ஜிபி டிஸ்க்கை வைத்துக்கொண்டே இன்னொரு டிஸ்க்குக்கு விலை கேட்பவர்கள் உண்டு. ‘எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர்’ போதும், சேர்வரை நிறுத்தாமலே இடம் கூடும். ஆனால் கிடைத்த இடம் முழுவதையும் ஒரே தடவையில் கொடுத்துவிடாதீர்கள். பார்ட்டிஷனில் பைல்களை அடுக்கும் முறை எக்ஸ்எஃப்எஸ் என்றால் பிறகு சுருக்க முடியாது. இஎக்ஸ்டி4 என்றால் அன்மவுண்ட் செய்துதான் சுருக்கலாம்.

பக்கப் டிஸ்க் இஎக்ஸ்டி4 என்றால் இதையும் பாருங்கள். ரூட் பயனருக்கென்று 5 சதவீதம் ஒதுக்கி வைத்திருக்கும். 1 டிபி டிஸ்க்கில் அது 50 ஜிபி. ‘டியூன்2எஃப்எஸ் -எம்’ மூலம் 1 சதவீதமாக்கலாம். ரூட் பார்ட்டிஷனில் மட்டும் கை வைக்க வேண்டாம், நிரம்பிய நேரத்தில் உள்ளே போய் வேலை செய்ய அந்த இடம்தான் உதவும்.

80 சதவீதத்தைத் தாண்டினால் போனுக்குச் செய்தி வரும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும், பெரிய மென்பொருள் தேவையில்லை. ஐநோட்டையும் அதில் சேருங்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆலைக்காரர்கள் இதையெல்லாம் பெரும்போக அறுவடைக்கு முன்பே செய்துவிடுவது நல்லது. வாசலில் நெல் லொறிகள் வரிசையாக நிற்கும்போது பார்ட்டிஷனைப் பார்க்க ஆலையில் ஒருவருக்கும் பொறுமை இருக்காது.